பால்வண்ணம் பறக்கலாம்

ஜனவரி 9, வெள்ளி

டிரோன் உரிமம் இன்று வந்தது. பிழையோடு வந்தது.

கடல் தாண்டி வந்திருக்கும் இந்த நாட்டில் ஒரு டிரோனை வானத்தில் ஏற்ற ஒன்பது காகிதங்கள் வேண்டும். இயந்திரத்துக்குப் பதிவு, ஓட்டுபவருக்கு உரிமம், காப்பீடு, பாதுகாப்புத் துறையின் ஆட்சேபணையில்லாக் கடிதம் என்று போகிறது பட்டியல். நூற்றிருபது மீட்டருக்கு மேலே போகக் கூடாது. சூரியன் மறைந்தபின் பறக்கக் கூடாது. எந்த ஊருக்கு மேலே பறக்கிறதோ அந்த ஊர்த் தலைவர் சம்மதிக்க வேண்டும். ஆற்றங்கரை ஊரின் தலைவர், பெண்கள் குளிக்கும் இடத்தை இது பார்க்குமா என்று மட்டும் கேட்டார். பார்க்காது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதிகள்.

நான் வந்த இரண்டு மாதத்தில் எட்டுக் காகிதங்களைப் பிழையில்லாமல் வாங்கியிருக்கிறேன். திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஒரு பத்திரத்தையும் முதல் தடவையில் வாங்கிக்கொண்டதில்லை. கம்பெனி முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் பத்திரத்தை நான்கு முறை திருப்பி அனுப்பினேன். அதை மறக்காமல்தான் என் அறுபத்திரண்டாம் வயதில் தேடிப் பிடித்து இங்கே கூட்டி வந்தார். போன வருடம் காகிதம் இல்லாமல் பறந்ததில் ஒரு டிரோன் பறிமுதல், ஓட்டிய பைலட்டுக்கு ஏழு வாரம் சிறை. அதனால் என் கையெழுத்து இல்லாமல் இங்கே எதுவும் பறக்காது.

கம்பெனியின் வேலை, மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சுகாதார நிலையங்களுக்கு ரத்தமும் மருந்தும் கொண்டுபோய் இறக்குவது. உரிமம் வந்தால் தொடங்கலாம்.

உரிமம் "திரு. பால்வண்ணம்" என்பவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. எங்கள் பைலட் பா. இளவழுதி. பால்வண்ணம் அவன் அப்பா. ஸ்ரீவைகுண்டத்தில் தபால்காரராக இருந்து பதினொரு வருடம் முன்னால் காலமானவர்.

இளவழுதி விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க அப்பாவுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது சார்."

"சிரிக்க இதில் என்ன இருக்கிறது?"

"என் போட்டோ இருக்கு, என் பாஸ்போர்ட் நம்பர் இருக்கு. இந்த ஊர்ல எல்லாரையும் கடைசிப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடறாங்க? திங்கட்கிழமையே பறக்கலாம்."

"உரிமம் போட்டோவுக்கு அல்ல, பெயருக்கு."

டிரோனின் பேட்டரிகளை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இட்லி மாவு இன்றும் பொங்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

விமானத் துறைக்குத் திருத்தம் கோரிக் கடிதம் எழுதினேன். "தங்கள் அலுவலகத்தில் நேர்ந்த பிழையின் காரணமாக" என்று தொடங்கினேன். நல்ல தொடக்கம்.

டிரைவர் வைசனிடம் கொடுத்து அனுப்பினேன். அவன் மனைவி எஸ்னார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கசாண்டேயில் தாய் வீட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம், பிப்ரவரி முதல் வாரம். உடம்பில் ரத்தம் குறைவாம், கிடைக்க அரிதான வகையாம். பிரசவத்தின்போது ரத்தம் கைவசம் இருந்தே ஆக வேண்டும் என்று அங்குள்ள நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"அதற்குள் நம் பறவை பறக்குமா, சார்?" என்று கேட்டான். டிரோனை அவன் பறவை என்பான்.

முறையாக எழுதப்பட்ட கடிதத்துக்கு முறையான பதில் வரும் என்றேன்.

எதற்கும் இந்த வாரமே அவளை இந்தப் பக்கம் கூட்டி வந்துவிட அலுவலக ஜீப் கிடைக்குமா என்றான். படிவம் ஆறை நிரப்பச் சொன்னேன். எட்டு நாள் முன்னறிவிப்பு வேண்டும். இருபதாம் தேதிக்கு அனுமதித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை கிடைத்தது, கரும்பு கிடைத்தது, வெல்லம் கிடைக்கவில்லை. இளவழுதி சீனியைப் போட்டுக் கிண்டினான். அதைப் பொங்கல் என்று எழுத முடியாது. சீனிச் சாதம்.

ஜனவரி 17, சனி

மூன்று நாள் மழையில் ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதி போய்விட்டது. படகுகளையும் நிறுத்திவிட்டார்கள். வைசனின் படிவம் ஆறில் "ரத்து" என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் "பாலம்" என்று குறித்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

விமானத் துறையிலிருந்து திருமதி ங்விரா தொலைபேசியில் வந்தார். உரிமப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. சிரித்த குரல். அரசு அலுவலருக்கு அவ்வளவு சிரிப்பு ஆகாது.

"மிஸ்டர் வேதா, உங்கள் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பால்வண்ணம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அம்மா. அப்பா பெயரின் முதல் எழுத்துதான்."

"அப்படியானால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே?"

"காலியாக விட்டால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவீர்கள்."

"ஆமாம், திருப்பிவிடுவோம்." மறுபடி சிரிப்பு. பிறகு சொன்னார்: "ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 'விண்ணப்பதாரரின் பிழை.' இன்றைக்கே மாற்றித் தருகிறேன். துறையின் பிழை என்று நீங்கள் எழுதினால் விசாரணைக் குழு கூட வேண்டும். அது பிப்ரவரி கடைசியில்தான் கூடும்."

முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு வரி என் கையிலிருந்து யாருக்கும் போனதில்லை என்பதை விளக்கினேன்.

விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்துதான். அதை மறுக்கவில்லை. ஆனால் இல்லாத ஒன்றைக் கேட்பது அந்தக் கட்டம். அதைப் போட்டவர்கள் அவர்கள்.

ஜனவரி 22, வியாழன்

சமையலறையில் இளவழுதி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "கட்டம் சார் இன்னிக்கும் எழுதல" என்றான். என்னைத்தான் சொல்கிறான். தெரிந்து ஒரு மாதமாகிறது. அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

சாப்பிடும்போது கேட்டான். "ஒரு வரி சார். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"பிழை யாருடையது என்பது தீர வேண்டும்."

"தீரட்டும். மார்ச்சுல தீரட்டும். இப்போ எழுதிக் குடுங்க, அப்புறம் கேஸ் போட்டுக்கூட ஜெயிங்க."

"எழுதிக் கொடுத்த பிறகு எப்படி ஜெயிப்பது?"

சாதத்தைப் பிசைந்தான். "திண்டிவனத்துல நீங்க திருப்பி அனுப்பினவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?"

"பிழையை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள்."

"அப்போ?"

"அவர்கள் பிழை செய்தவர்கள்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். ரசம் நன்றாக இருந்தது.

ஜனவரி 28, புதன்

காலைச் சர்க்கரை 148. தொட்டியில் நட்ட கறிவேப்பிலை இரண்டு இலை விட்டிருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

வைசன் ஒரு தாளோடு வந்தான். சுத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். டிரோன் உரிமத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பியது தான்தான், பெயரைக் கட்டம் மாற்றி எழுதியது தன் பிழை, மிஸ்டர் வேதாவுக்கு அதில் பங்கில்லை. கீழே முழுப் பெயர், கையெழுத்து, தேதி.

"இதை அனுப்பிவிட்டால் போதும் என்று திருமதி ங்விரா சொன்னார், சார். நானே தலைநகரத்துக்குப் போன் செய்து கேட்டேன். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை."

நடக்காததை நடந்ததாக எழுதுவது குற்றம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

"இரண்டு வருடம் இருப்பேன், சார்" என்றான்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அழகான கையெழுத்து. இந்த அலுவலகத்தில் அவனை டிரைவராக வைத்திருப்பது வீண்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அண்ணாச்சி தலைநகரத்திலிருந்து கூப்பிட்டார். இளவழுதி சொல்லியிருக்க வேண்டும்.

"வேதாசலம், ஒரு வரிதானவே? எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிருவீரு?"

"நான் குறைய மாட்டேன் அண்ணாச்சி. கோப்பு குறைந்துவிடும். நாளைக்கு இன்னொரு பிழை வந்தால், முதல் பிழையும் உங்களுடையதுதானே என்பார்கள். வேண்டுமானால் என்னை விடுவித்துவிட்டு நீங்களே எழுதிக் கொடுங்கள்."

நான் போய்விட்டால் பாக்கி எட்டுக் காகிதங்களையும் வருடா வருடம் யார் புதுப்பிப்பார் என்று அவர் யோசிப்பது காதில் கேட்டது. ஏழு வார ஜெயிலையும் யோசித்திருப்பார்.

"சரிவே, உம்ம இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 4, புதன்

விரிவாக எழுதிவைக்க வேண்டிய நாள். பின்னால் யாராவது கேட்கக்கூடும்.

காலை பத்து மணிக்குக் கசாண்டே நர்ஸ் அழைத்தாள். எஸ்னார்ட்டுக்கு வலி தொடங்கிவிட்டது. ஆற்றில் படகுகள் இன்னும் ஓடவில்லை. பத்தரைக்கு வைசன் மருத்துவமனைக்குப் போய் இரண்டு பை ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தான். வந்தவன் நேராக டிரோன் ஏற்றும் மேடைக்குப் போய், பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இளவழுதி விதிப் புத்தகத்தோடு வந்தான். அவன் அதைத் திறந்து பார்த்ததே இன்றுதான். "நாற்பத்தொண்ணாம் விதி சார். உயிர் போற அவசரம்னா உரிமம் இல்லாமலே பறக்கலாம்."

"முழுதாகப் படி. அவசரம் என்று மாவட்ட ஆணையர் அறிவிக்க வேண்டும்."

இது எனக்கு முதலிலேயே தெரியும். ஆணையருக்கு உடனே விண்ணப்பம் அனுப்பினேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆணையர் வெள்ளம் பார்க்கப் போயிருந்தார்.

ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைசனிடம் வாழ்த்துச் சொன்னேன். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நர்ஸ் மறுபடி அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "எங்கே உங்கள் டிரோன்? கண்ணுக்கு எட்டின வரை வானம் காலியாக இருக்கிறது" என்றாள். காகிதம் நடவடிக்கையில் இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

மூன்று மணிக்கு இளவழுதி கடப்பாரையோடு பேட்டரி இருக்கும் பீரோவிடம் வந்தான். நான் நாற்காலியைப் பீரோவின் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க சார்."

"எழுந்திருக்க மாட்டேன்."

"வயசானவர்னு பாக்குறேன்."

"பார்."

பக்கவாட்டில் ஒரு அடி அடித்தான். பீரோ நசுங்கியது, திறக்கவில்லை. நல்ல பீரோ. கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "அந்தப் பொம்பள செத்துருவா சார்" என்றான். மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

ஐந்து பத்துக்குத் திருமதி ங்விராவின் மின்னஞ்சல் வந்தது. "உரிமத்தில் பெயர் மாறியது துறையின் பிழையே. வருந்துகிறோம்." திருத்திய உரிமம் இணைக்கப்பட்டிருந்தது. பா. இளவழுதி. எழுத்து எழுத்தாகச் சரி.

கூடவே போனும் செய்தார். இந்த முறை சிரிப்பில்லை.

"விசாரணைக் குழு கூடிவிட்டதா, அம்மா?" என்று கேட்டேன்.

"நான்தான் குழு. பறக்கவிடுங்கள்."

அச்செடுத்தேன். மூன்று பிரதிகள். இரண்டாவது பிரதியில் மை மங்கலாக விழுந்ததால் மறுபடி எடுத்தேன். பதிவேட்டில் ஏற்றி, முத்திரை போட்டு, பீரோவைத் திறக்கும்போது ஐந்து முப்பத்தொன்று.

டிரோனைச் சரிபார்க்கப் பத்து நிமிடம். போக இருபத்தாறு. திரும்ப இருபத்தாறு. இன்றைய சூரிய அஸ்தமனம் ஆறு பதினொன்று. கணக்கு யார் போட்டாலும் ஒன்றுதான். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

"திரும்பவே வேணாம் சார்" என்று கத்தினான் இளவழுதி. "போய் எறங்கட்டும். ராத்திரி அங்கயே கெடக்கட்டும். காலைல எடுத்துக்கலாம்."

யோசனை தவறில்லை. ஆனால் கசாண்டே தலைவர் கொடுத்த சம்மதம் இறங்கி ஏறுவதற்குத்தான். இரவு தங்குவதற்கு வேறு படிவம்.

பீரோவைப் பூட்டினேன்.

வைசன் பெட்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். ஐஸ் கரைந்து கால்சட்டையெல்லாம் ஈரம்.

பிப்ரவரி 5, வியாழன்

எஸ்னார்ட் நேற்று மாலை ஏழு இருபதுக்கு இறந்துவிட்டாள். வயது இருபத்தாறு.

திருத்திய உரிமத்தின்படி கம்பெனியின் முதல் அதிகாரப்பூர்வப் பறத்தல் இன்று காலை ஆறு நாற்பதுக்கு நடந்தது. சரக்கு: குழந்தைக்கான பால்மாவு, இரண்டு டப்பா. மேகங்களுக்குக் கீழே, நூற்றிருபது மீட்டருக்குள், ஏழு ஆறுக்குக் கசாண்டேயில் இறங்கியது. விதிமீறல் எதுவுமில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இளவழுதி ஊருக்குப் போகிறான். பீரோவைச் சேதப்படுத்தியதற்கு அவனிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கலாமா? எங்க அப்பா பேருல வந்துச்சே, அந்த உரிமம். அதைக் குடுங்க. அவரு பேருல கவர்மெண்டு குடுத்த காகிதம் அது ஒண்ணுதான்."

ரத்து செய்யப்பட்ட ஆவணம் கோப்பிலேயே இருக்க வேண்டும் என்றேன். வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நகல் வேண்டாம் என்றான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. புது பைலட் வரும் வரை ரசம் நானே வைக்க வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கோப்பு முழுமையாக இருக்கட்டும் என்று, பிப்ரவரி 4 அன்று கூடிய விசாரணைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பை அனுப்புமாறு துறையின் தலைமைக்குப் போன வாரம் எழுதியிருந்தேன். இன்று பதில் வந்தது. அப்படிக் குழு எதுவும் கூடவில்லையாம். திருமதி ங்விரா தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கோப்பு நாட்டிலேயே ஒழுங்கானதாம். மற்ற கம்பெனிகளுக்கு மாதிரியாகக் காட்டப் போகிறார்களாம்.

அந்த அம்மாவுக்காக வருந்துகிறேன். சிரிப்பைக் குறைத்திருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

தற்காலிகப் பாலம் போட்டுவிட்டார்கள். வைசன் குழந்தையோடு வேலைக்குத் திரும்பினான். பிறப்புப் பதிவுப் படிவத்தை என்னிடம் நீட்டி, "நீங்கள்தான் நிரப்ப வேண்டும், சார். உங்கள் கையால்" என்றான். அவன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனாலும் கேட்டது மகிழ்ச்சியாக இருந்தது. இப்படியொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் அவனுக்கு என் மேல் வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

குடும்பப் பெயர் கட்டத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு நிரப்பினேன். இவர்களுக்கு அது உண்டு.

"குழந்தையின் பெயர்?"

"சிலோலெசோ."

எழுத்துக்கூட்டி எழுதினேன். குழந்தை பிறந்தபோது வீட்டில் என்ன நடந்ததோ அதையே பெயராக வைப்பது இவர்கள் வழக்கம். மழையில் பிறந்தால் மழை, துயரத்தில் பிறந்தால் துயரம். கணக்குப் பிரிவில் ஒருவர் பெயருக்கு அர்த்தமே தொந்தரவு.

"சிலோலெசோ என்றால் என்ன?"

"அனுமதி, சார்."

பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்திருக்கும் என்று உதறிப் பார்த்தேன்.

"வீட்டிலேயே ஒன்று இருக்கட்டும் என்று வைத்தேன்" என்றான். "இனி யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம் பாருங்கள்."

சொல்லும்போது முகத்தில் ஒன்றுமில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. ஒருவர் தன் பிள்ளைக்கு நான் செய்யும் தொழிலின் பெயரை வைத்திருக்கிறார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அண்ணாச்சிக்கு எழுதலாம் என்று நினைத்தேன். இன்னும் எழுதவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வைசனின் அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அலுவலக வாசலில், என் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறாள். வேறு இடமில்லையாம். தடை செய்ய விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜீப்பை நிறுத்தியதும் வைசன் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஐந்து வாரக் குழந்தைக்கு என்ன தெரியும்? ஆனாலும் கூப்பிடுவான். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. அக்கா பதில் சொல்ல மாட்டாள், குழந்தையால் முடியாது. ஆனாலும் பதிலுக்குக் காத்திருப்பவன்போல் மறுபடி மறுபடி கூப்பிடுகிறான்.

வெயில் முப்பத்தாறு. மின்விசிறி வேலை செய்யவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.